தோட்டப்புற ஊருக்கு மாற்றலாகி வரும் மனநலத் தாதியருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா மாதிரியான ஊர்களின் அரசு சுகாதார கிளினிக்குக்கு மாற்றலாகி வரும் தாதிக்கு முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். மருந்து அலமாரியில் இருக்கிறது, நோயாளிதான் வருவதில்லை. வார்டு வேலையில் நோயாளி கண்முன்னே படுத்திருப்பார். இங்கே அவர் தோட்ட லயத்திலோ, செம்பனைக் காட்டிலோ, தோட்டம் விற்கப்பட்டபின் குடிபெயர்ந்த மலிவுவிலை அடுக்குமாடியிலோ இருக்கிறார். அவரைச் சிகிச்சையில் நிறுத்திவைக்கத் தோட்டத்து டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), கோயில் நிர்வாகத்தார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று பலருடைய துணை வேண்டும். அதேசமயம் யாருக்கு என்ன நோய் என்ற விவரம் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது. ஆட்களைச் சேர்ப்பதும் வாயைக் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதல் வாரம்: பட்டியலும் ஆட்களும்

தாள் வேலையை முதல் நாளே முடியுங்கள். 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி பதிவும் அந்த ஆண்டுக்கான பணிச் சான்றிதழும் இல்லாமல் ஊசியைத் தொட முடியாது. மனநலத்தில் அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்தைய பயிற்சி முடிக்காமல் வந்திருந்தால் அதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த வேலையைத் தனியாகச் செய்யலாம், எதற்கு மூத்த தாதி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து நீண்டநாள் ஊசி (ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் மனநல மருந்து) போட்டுக்கொள்பவர்களின் பட்டியலைக் கையில் எடுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் நின்றுவிட்டால் வீட்டில் யாராவது கவனிக்க வாய்ப்புண்டு. ஊசி தவறியது பல நேரங்களில் உங்கள் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். மருந்து, அளவு, கடைசியாகப் போட்ட தேதி, இடப்பக்கமா வலப்பக்கமா, அடுத்த தேதி ஆகியவற்றைப் பெயர் வரிசையில் எழுதாமல் தேதி வரிசையில் எழுதுங்கள். அப்போதுதான் திங்கட்கிழமை காலையில் ஏட்டைத் திறந்ததும் அந்த வாரம் யார் யார் என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் தாமதம் வரை அதே அளவைப் போடலாம், எதற்குமேல் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.

பிறகு ஆட்கள். மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அருகிலுள்ள மென்தாரி மையம் (அரசின் சமூக மனநல மையம்), சமூக நல இலாகா அதிகாரி, காவல் நிலையம், தோட்டத்து டிரெசர் ஆகியோரை நேரில் போய்ப் பாருங்கள். பேராக்கில் இருந்தால் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையின் சமூகப் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் எல்லாருக்கும் கிடைக்கும். முகம் தெரிந்தவர் கேட்டால்தான் வெள்ளிக்கிழமை மாலை நான்கரைக்கும் வேலை நடக்கும்.

1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை இன்னொரு வகையிலும் உங்கள் வேலையில் குறுக்கிடும். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது நூறு ஆண்டாக இந்நாட்டில் கேலிப்பேச்சு. அந்த ஊர்ப் பெயர் வாயில் வந்த கணமே குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது "ஈப்போ பக்கம் பெரிய டாக்டரைப் பார்க்கலாம்" என்று மழுப்பாதீர்கள், வண்டி போய் நின்றதும் உண்மை தெரிந்துவிடும். எந்த மருத்துவமனை, எத்தனை நாள் இருக்கக்கூடும், எப்போது போய்ப் பார்க்கலாம், யாருக்குப் போன் செய்வது என்ற நான்கையும் கிளம்பும் முன் சொல்லுங்கள். பயம் பெரும்பாலும் விவரம் தெரியாததால் வருவது.

தோட்டத்தின் நேரம்

பால்வெட்டு விடிவதற்கு முன் தொடங்கி மதியத்தோடு முடியும். செம்பனைக் குலை வெட்டுபவர் காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் பிற்பகலில்தான் திரும்புவார். காலை எட்டு மணிக்கு அப்பாயின்மென்ட் என்றால் அவருக்கு ஒருநாள் சம்பளம் போயிற்று. மாதாமாதம் அப்படி இழக்க முடியாமல் நிற்பவரை "டிஃபால்ட்டர்" என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். மதியத்துக்குப் பின் சில இடங்களை ஒதுக்கித்தரும்படி கிளினிக் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இது ஒன்று கிடைத்தாலே ஏட்டில் சிவப்பு மை குறையும்.

சம்பளத்தையும் கணக்கில் வையுங்கள். சட்டப்படி அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். அந்த வாரத்தில் சம்சு (மலிவுச் சாராயம்) குடிப்பவர் கூடுவார், கிளினிக்குக்கு வருபவர் குறைவார். குடிப்பவருக்கு ஊசித் தேதியைச் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் வைப்பது நல்லது. காசு தீர்ந்து திடீரென நிறுத்தியவரைப் பார்த்தால் கடைசியாக எப்போது குடித்தார் என்று மணிக்கணக்கில் கேளுங்கள். கைநடுக்கமும் வியர்வையும் ஆறு மணி நேரத்திலிருந்து தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். குழம்பிப்போய் இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும், அது உயிரைக் குடிக்கும். இவரை மனநோய் முற்றிவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவர் இவர். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் கொடுத்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

கிளினிக்கில் "மனநல நாள்" என்று வாரத்தில் ஒரு கிழமை வைத்திருந்தால் ஊர் முழுக்க அது தெரிந்திருக்கும். அன்று பெஞ்சில் உட்கார்ந்தவர் யார் என்று மாலைக்குள் கோப்பிக்கடைக்குச் செய்தி போய்விடும். நீரிழிவு, இரத்த அழுத்த வரிசையோடு கலந்து எண் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எப்படியும் இவர்களுக்குச் சர்க்கரையும் எடையும் பார்க்கத்தான் வேண்டும், புதிய மருந்துகள் பல இரண்டையும் ஏற்றும். எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

இருவராகப் போங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கிளினிக்கில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். செம்பனைக் காட்டுக்குள் பல இடங்களில் போன் எடுக்காது. காரைத் திரும்பும் பக்கமாக நிறுத்துங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாய் எங்கே, பின்கதவு எங்கே, வீட்டில் யார் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்காரும்போது உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் நோயாளி இருக்கக்கூடாது.

முதல் தடவை போகும் முன் "வீட்டுக்கு வரலாமா, யூனிபார்மோட வரட்டுமா, கிளினிக் வண்டியை எங்க நிறுத்தட்டும்?" என்று நோயாளியையே கேளுங்கள். லயத்து முனையில் அரசாங்க வண்டி நின்றால் ஒன்பது வீட்டுக்காரரும் வெளியே வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா "என்னா மிஸ்ஸி, அவனுக்கு என்னாவாம்?" என்று கேட்கத்தான் செய்வார். "சும்மா பிரஷர் பார்க்க" என்று பொய் சொல்லவேண்டாம், நாளைக்கு அவரும் பிரஷர் பார்க்க வந்து நிற்பார். "கிளினிக் வேலைக்கா, யார் வீட்டுக்குப் போனாலும் சொல்ல மாட்டோம். உங்க வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான்" என்றால் அவரும் ஒப்புக்கொள்வார்.

போனிலும் இதே கவனம் வேண்டும். எடுப்பது மாமியாராக இருக்கலாம். "கிளினிக்கிலிருந்து பேசுறோம், அவங்க வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், படம் எதுவும் போகக்கூடாது, தாதியர் மட்டும் உள்ள குழுவானாலும் சரி. பசாரில் நோயாளியைப் பார்த்தால் அவர் முதலில் சிரிக்கட்டும்.

பேச்சு

தோட்டத்தில் "மனச்சோர்வு இருக்கிறதா" என்று கேட்டால் பதில் வராது. "மனசு பாரமா இருக்கா", "தூக்கம் பிடிக்குதா", "சாப்பாடு இறங்குதா", "நெஞ்சு படபடங்குதா" என்று கேட்டால் வரும். காதில் குரல் கேட்பவரிடம் "யாரும் இல்லாதப்போ யாராவது பேசுற மாதிரி கேக்குதா? ஒரு ஆளா, பல பேரா? ஏதாவது செய்யச் சொல்லுதா?" என்று படிப்படியாகப் போங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். செய்யச் சொல்லும் குரலுக்குக் கட்டுப்படும் நிலையில் இருப்பவரை அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். வயதுக்குத் தக்கபடி அண்ணே, அக்கா, ஐயா, பாட்டி என்று அழையுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. "மென்டல் கேஸ்" என்ற சொல் பதிவேட்டு அறைக்குள்ளும் வேண்டாம், சுவர் மெல்லியது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தின் தமிழ் வடிவத்தை எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மொத்தம் 27-இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் கூட்டுத்தொகை 4 என்றாலும் சாவு எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குச் சுழியம் தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் அங்கேயே நின்று பேசுங்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகு எப்படி, எப்போது, கையில் என்ன இருக்கிறது என்பதையும் கேளுங்கள். தோட்டத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் களைக்கொல்லி. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் ஸ்டோரில் இருக்கின்றன, பழைய போத்தல் யார் வீட்டுப் பின்கட்டிலாவது கிடக்கலாம். வீட்டாரிடம் சொல்லி அதை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். ஸ்டோர் பூட்டப்படுகிறதா என்று பார்ப்பது மண்டோரின் பொறுப்பு. அவரிடம் ஒருவர் பெயரையும் சொல்லாமல், தோட்டம் முழுமைக்குமான பாதுகாப்பு விஷயமாகப் பேச முடியும்.

நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பையன் "அம்மா சாகணும்னு சொல்றாங்க" என்று மலாயில் டாக்டரிடம் சொல்லக்கூடாது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு அவருடைய முதலாளியோ ஏஜெண்டோ மொழிபெயர்ப்பதும் கூடாது. பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் "எல்லாம் நல்லாருக்கு" என்பார். அதே நாட்டுக்காரர் ஒருவரை, வேறு தோட்டத்திலிருந்து, நோயாளி சம்மதித்தால் போனில் பிடியுங்கள். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம்தான் பேசுங்கள். மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள்.

ஊசி, மாத்திரை, வெயில்

புளூஃபெனசின் நீண்டநாள் ஊசி நல்லெண்ணெயில் கலந்தது. எள் ஒவ்வாதவரா என்று முதல் தடவையே கேளுங்கள். புளூபென்டிக்சால் தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த மெல்லிய எண்ணெயில் வருவது. எண்ணெய் மருந்துக்கு ஊசியும் குழலும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், 21 கேஜைவிட மெல்லிய ஊசிக்குப் போகவேண்டாம். தோலை ஒருபக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து விநாடி என்று மெதுவாகச் செலுத்தி, இன்னும் பத்து விநாடி பொறுத்து எடுத்தபின் தோலை விடுங்கள். தேய்க்கக்கூடாது. தேய்த்தால் மருந்து தோலடிக்கு வந்து கட்டிப்போகும்.

ஹாலோபெரிடால் போன்றவை தொடங்கிய முதல் சில நாளில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளலாம், கண்கள் மேலே செருகிக்கொள்ளலாம். வீட்டார் அதைப் பேய் பிடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். நேரே பூசாரியிடம் போய்விடுவார்கள், மருந்தும் நின்றுவிடும். ஆகவே மருந்து கொடுக்கும் அன்றே "இப்படி ஆனால் மருந்தோட வேலை, உடனே வாங்க, மாற்று ஊசி போட்டா அரை மணியில அடங்கிடும்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதால் சிகிச்சையை விட்டுப் போனவர்கள் நிறைய.

வெயில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். மனநல மருந்துகள் பலவும், அவற்றோடு கொடுக்கும் பென்செக்சாலும் வியர்வையைக் குறைக்கும். காட்டில் குலை தூக்குபவருக்கு உடம்புச் சூடு இறங்க வழி இல்லாமல் போகும். குளோர்புரோமசின் சாப்பிடுபவருக்குத் தோலும் வெந்துபோகும், நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் வேண்டும். காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் வெயில் தாக்கமா மருந்தின் ஆபத்தான விளைவா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஆம்புலன்ஸ்தான்.

லித்தியம் சாப்பிடுபவருக்கு உப்பும் தண்ணீரும் குறைந்தால் இரத்தத்தில் மருந்து ஏறும். வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, உப்பில்லாமல் சாப்பிடும் விரதம் மூன்றும் அந்த வேலையைச் செய்யும். முதுகுவலிக்கு வாங்கி விழுங்கும் போன்ஸ்டான் வலி மாத்திரையும் அப்படித்தான், பாரசெட்டமால் போதும் என்று சொல்லுங்கள். கைநடுக்கம் கூடி, தள்ளாடி, வாந்தியும் வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு உடனே வரச் சொல்லுங்கள். இரத்தம் எடுப்பது கடைசி வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரிடம் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும்.

குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே வெள்ளணுக்களை எண்ண வேண்டும். நம் ஊர்களில் டிங்கியும் வெள்ளணுவைக் குறைக்கும் என்பதால், "டிங்கியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட எளிது. மருந்தை எழுதிய டாக்டருக்கு அந்த எண்ணிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை தவறியிருந்தால் பழைய அளவைத் திரும்பக் கொடுக்கக்கூடாது, மிகச் சிறிய அளவிலிருந்து ஏற்ற வேண்டும். மலச்சிக்கலையும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். வெட்கப்பட்டு அவராகச் சொல்லமாட்டார், முற்றினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

சாமியும் மருந்தும்

செய்வினை, காத்து கருப்பு, குலதெய்வக் குற்றம் என்று குடும்பம் சொல்லும்போது மறுத்துப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. "பூசை செய்யுங்க, அதோட மாத்திரையும் இருக்கட்டும்" என்பது வேலை செய்யும். நீங்கள் தடுக்கவேண்டியவை சில உண்டு: கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது. இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கோயில் பூசாரியைப் பகையாளியாக்காமல் முன்கூட்டியே போய்ப் பார்த்து வையுங்கள். தூங்காமல் மூன்று நாள் ஆனவர், சாப்பிடாதவர், சாகப்போவதாகச் சொல்பவர் வந்தால் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை, அவர்களுக்கும் பயம் உண்டு.

திருவிழாவில் சாமி வந்து ஆடுவது நோயல்ல. இடம், நேரம், மேளம் என்ற எல்லைக்குள் வந்து, முடிந்ததும் இறங்கிவிடும். மேளம் இல்லாத செவ்வாய்க்கிழமை சமையலறையில் வந்து இறங்காமலே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவரின் மாத்திரை நேரத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். நோன்பு நோற்கும் முஸ்லிம் நோயாளிக்கு இருவேளை மருந்தைச் சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் நகர்த்தலாமா என்று நோன்பு மாதத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர் தானாகவே நிறுத்திவிடுவார்.

வரிசையில் விடுபடுபவர்கள்

ஐசி இல்லாதவர் இன்னும் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். குடிமக்களுக்குக் கிளினிக் கட்டணம் ஒரு வெள்ளி. ஆவணம் இல்லாதவர் வெளிநாட்டவர் கட்டணத்தில் போய் விழுவார், அதற்குப் பயந்து வரமாட்டார். முகப்பிலேயே திருப்பி அனுப்பாமல் முதலில் உங்களிடம் அனுப்பச் சொல்லி வையுங்கள். ஆவண வேலையைச் சமூக நல இலாகாவிடம் சேர்ப்பித்துவிடலாம், அதுவரை ஆளை இழக்கக்கூடாது.

திருநங்கையரின் ஐசிப் பெயர் மருந்துச்சீட்டுக்கும் இரத்தக்குழாய்க்கும் வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் கூவி அழைக்க எண் போதும். அறைக்குள் என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்று அவரையே கேட்டு அட்டையின் மூலையில் குறியுங்கள், அடுத்த தாதியும் அதையே சொல்லட்டும். சுங்கை சிப்புட் உட்பகுதியிலிருந்து வரும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) நோயாளிக்கு வண்டி வரும் நாளைப் பார்த்துத் தேதி கொடுங்கள். நம் தேதிக்கு அவரால் வர முடியாது.

இரண்டு ஆண்டுக்குமேல் மனநலச் சிகிச்சையில் இருப்பவர் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சலுகையைச் சொல்லும்போதே அட்டையில் வகை தெரியும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை. வேலை தேடுபவருக்கு மென்தாரி மையம் உதவும்.

நெருக்கடியில்

2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வர மறுப்பவரை உறவினரின் விண்ணப்பத்தோடும், நேரில் பரிசோதித்த டாக்டரின் பரிந்துரையோடும் சேர்க்கலாம். அந்தப் பரிசோதனை ஐந்து நாளுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் 24 மணி நேரம் வரைதான் வைத்திருக்க முடியும், அதற்குள் மறுபரிசோதனை. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவரைக் காவல்துறை அழைத்துச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. பல குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து விஷம் குடித்தவரை வீட்டிலேயே வைத்து மோர் கொடுக்கிறார்கள். போகும் வீட்டிலெல்லாம் இதைச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999, பேசவேண்டும் என்றால் ஹீல் தொலைபேசி 15555, இரண்டையும் ஊசித் தேதி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.

தாதியர் வட்டம்

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு நோயாளிகள் பற்றிய கலந்துரையாடல் போதும். சிகிச்சையில் நேரடியாக இருப்பவர்கள் மட்டும் உட்காரட்டும். கொண்டுவருபவர் ஐந்து நிமிடம் சொல்லி, "எனக்குத் தெரியவேண்டியது இது" என்று ஒரு கேள்வியோடு முடிக்கட்டும். கேள்வி இல்லாமல் தொடங்கினால் புலம்பலாகத்தான் முடியும். புதியவரை முதலில் பேச விடுங்கள். மூத்தவர் பேசியபின் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. கோயில், பள்ளி, தோட்ட நிர்வாகம் ஆகியோருடன் தனிக் கூட்டம் வையுங்கள், அதில் எந்த நோயாளியின் பெயரும் வராது.

அடிபட்டாலோ மிரட்டப்பட்டாலோ அன்றே எழுதிக் கொடுங்கள், "இதெல்லாம் சகஜம்" என்று சொல்பவர் சொல்லட்டும். சக தாதி ஒருவரே மனநலச் சிகிச்சையில் இருந்தால் அவர் வேறு ஊர்க் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள வசதி செய்து கொடுங்கள், அவர் கோப்பு நம் அலமாரியில் இருக்கக்கூடாது. உங்கள் சொந்தக்காரர் நோயாளியாக வந்தாலும் அதே முறைதான், வேறு தாதியிடம் ஒப்படையுங்கள்.

உங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நீண்டநாள் ஊசிக்காரர்களில் பலர் ஊசிக்காக வருவதில்லை, அந்த மிஸ்ஸிக்காக வருகிறார்கள். கடைசி இரண்டு ஊசித் தேதிகளில் புதியவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் தடவை நீங்கள் போட அவர் பார்க்கட்டும், இரண்டாம் தடவை அவர் போட நீங்கள் பாருங்கள். எந்த வீட்டில் பின்வாசல் வழியாக வரச் சொல்வார்கள், எந்த எண்ணில் மாமியார் எடுப்பார் என்பதையும் ஒப்படைப்புத் தாளில் எழுதிவையுங்கள்.